எட்டுப் பல் சக்கரம்

கோழி இல்லைக்கா. ஏன் அப்படிக் காலை மடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, தாராளமா நீட்டுங்க. சாக்குக்குள்ளே இருப்பது மரம் அறுக்கிற மிஷின். கடிக்காது. பெட்ரோலை எல்லாம் வீட்டிலேயே வடித்து வைத்துவிட்டுத்தான் தூக்கி வந்தேன். கண்டக்டர்கூட, "என்னம்மா, தையல் மிஷினா?" என்றார். "ஆமாண்ணே, மரத்துக்குத் தைக்கிறது" என்றேன். சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாடை வருதா? வரும். அது பெட்ரோல் வாடை இல்லைக்கா, வடை வாடை. சொன்னால் உங்களுக்கும் குமட்டும். இந்தாங்க, எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது. என் மகள் நல்லாத் தூங்குகிறாள், அதுவரைக்கும் புண்ணியம்.

எங்க வீட்டுக்காரர் பேர் தவமணி. புருஷன் பேரைச் சொல்கிறாளே என்று பார்க்காதீங்க, கோபமாக இருக்கிற அன்றைக்குச் சொல்வேன். பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழல் மரம் கழிக்கிற வேலை. காப்பிக்கு நிழலும் வேணும், வெளிச்சமும் வேணும். மழைக்கு முன்னாடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளையைக் கழித்துவிட வேண்டும். இடுப்பில் கயிறு, கயிறு மரத்தைச் சுற்றி, ஒரு பக்கத்தில் இந்த மிஷின் தொங்கும். நாற்பதடி, ஐம்பதடி. கீழே நின்று பார்த்தால் காக்காய் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருப்பார். நாளைக்குக் காலையில் மேட்டுத் தோட்டத்தில் ஏற வேண்டும். அந்த வட்டாரத்திலேயே உயரமான மரங்கள் அங்கேதான். அதற்குள்ளே இதைச் சரிபண்ணியாகணும். அதனால்தான் அவர் கிரிக்கெட் ஆடப் போன நேரம் பார்த்து மிஷினையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டில் எது கனம் என்று கேட்டால், பிள்ளைதான்.

சின்ன மிஷின்தான். மேலே ஏறுகிறவருக்குப் பெரிய மிஷின் ஆகாது. வாங்கும்போது இஞ்சின் பக்கம் செயினை இழுக்கிற சக்கரத்துக்கு ஆறு பல் இருந்தது. நிதானமாக ஓடும், மரத்தில் வைத்தால் நிற்காது. அவர் அறுப்பார், நான் தீட்டுவேன். ஆமாங்கக்கா, நான்தான். சாயங்காலம் உலை கொதிக்கிற நேரத்தில் செயினை மடியில் போட்டுக்கொண்டு உருண்டை அரத்தால் ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு. அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு பல்லுக்கு ஐந்து, இன்னொரு பல்லுக்கு ஒன்று என்று இழுத்து வைப்பார், மரம் கோணலாக அறுபடும். நான் தீட்டின செயினில் தூள் எப்படி விழும் தெரியுமா? அவல் மாதிரி. தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம் மிஷின் எப்படி இருக்கிறது என்று.

நல்லா ஓடிக்கொண்டிருந்த மிஷின்க்கா. ஒரு வருஷம் ஒரு குறை இல்லை.

என் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறார், அழகுராசா. எங்க வீட்டுக்காரருக்குச் சகலை. அவரும் இதே வேலைதான். அவர் மிஷினில் சைலன்சரைத் தோண்டி, என்னென்னமோ பண்ணி வைத்திருக்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுவார். அவர் ஏறுவதெல்லாம் முள்முருங்கை மரம். அரிவாளை வைத்தாலே விழும். அது வேற விஷயம். ஆனால் வருகிறாரா இல்லையா? இரண்டு மணிக்கு வருகிறார். அதை நான் எங்க வீட்டில் ஒரு தடவை சொன்னேன். சும்மா, நடக்கிறதைத்தானே சொன்னேன். "அக்கா வீட்டுல ரெண்டு மணிக்கே வந்துட்டாங்களாம்" என்று. சோறு போடும்போது சொன்னேன். மறுநாள் தண்ணீர் மோந்து கொடுக்கும்போது சொன்னேன். ஒரு வாரம் சொல்லியிருப்பேன், பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்க. அதில் என்ன இருக்கிறது? மனுஷர்கள் வீட்டில் பேசவே கூடாதா?

இந்த ஆள் என்ன பண்ணினார் தெரியுமா? நேரே ரெங்குவிடம் போய்விட்டார்.

ரெங்கு யார்? எங்க ஊர் பைக் மெக்கானிக். பைக் மெக்கானிக்! சைலன்சரில் இருக்கிற வலையைப் பிடுங்கிவிட்டு, பையன்கள் பைக்கை எல்லாம் கழுதை மாதிரி கத்த வைக்கிறவன். அவனிடம் கொண்டுபோய் மரம் அறுக்கிற மிஷினைக் கொடுத்தால் என்ன பண்ணுவான்? அதையும் கத்த வைப்பான். வைத்தான். சைலன்சர் ஓட்டையைப் பெரிசாக்கினான், உள்ளே இருந்த வலையைப் பிடுங்கிப் போட்டான். சரி, அதில் இஞ்சினுக்குக் கொஞ்சம் பலம் வந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அதோடு விட்டானா? "மச்சி, பைக்குல முன்பக்கச் சக்கரத்துல பல்லைக் கூட்டினா பறக்கும்ல? அதே கணக்குதான்" என்று ஆறு பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு எட்டுப் பல் சக்கரத்தை மாட்டிவிட்டான். எங்கேயோ சொல்லிவைத்து வரவழைத்தானாம். பழைய ஆறு பல்லை அவனே வைத்துக்கொண்டான்.

பைக்குக்குக் கியர் இருக்கிறது, மேடு வந்தால் குறைத்துக்கொள்ளலாம். இதுக்கு எங்கேக்கா கியர்? பத்தாவது படித்த எனக்குத் தெரிகிறது, பதினைந்து வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடை முன்னாடி ஒரு கூத்து. மிஷினைக் கையில் பிடித்து முறுக்குகிறார் எங்க வீட்டுக்காரர். சுற்றி ஏழெட்டு ஆம்பளைகள். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்க்கா! கச்சேரி கேட்கிற மாதிரி தலையை ஆட்டுகிறார். இன்னொருத்தன் செல்போனில் படம் பிடித்துப் பாட்டுச் சேர்த்து அனுப்புகிறான். மரம் இல்லை, கிளை இல்லை, வெறும் காற்றை அறுக்கிறார்கள். எனக்கு வந்தது பாருங்க ஒரு அருவருப்பு. தூ என்று துப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் வாங்கப் போனவள், பாலை வாங்காமலே வந்துவிட்டேன்.

காற்றில் நல்லாத்தான் பறந்தது. மரத்தில் வைத்ததும் நின்றுபோனது. நிற்காதா பின்னே? எட்டுப் பல் என்றால் செயின் வேகமாக ஓடும், இழுக்கிற தெம்பு குறைந்துபோகும். சின்ன இஞ்சின். கொஞ்சம் கனமான கிளையில் கடித்ததும் மூச்சு முட்டி நிற்கும். இவர் மேலே உட்கார்ந்துகொண்டு அழுத்துகிறார். முறுக்கிக்கொண்டே அழுத்துகிறார். செயின் ஓடவில்லை, உள்ளே கிளட்ச் வழுக்கிக் கருகுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கிளட்ச் மூடுகிற கிண்ணம் நீலமாக இருந்தது. சூடு கண்ட இரும்பு நீலமாகும், தோசைக் கல்லில்கூடப் பார்த்திருப்பீங்க. தூள் அவல் மாதிரியா விழுந்தது? மாவு. சட்டையெல்லாம், மயிரெல்லாம், காதுக்குள்ளே எல்லாம் மாவு.

இரண்டு மணிக்கு வரவேண்டியவர் ஆறரைக்கு வந்தார். முன்னாடி ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்த மனுஷன்.

வடை எண்ணெய்க் கதையைச் சொல்ல விட்டுப்போச்சு பாருங்க. செயினுக்கு எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று இருக்கிற எண்ணெயை வாங்காமல், ரெங்கு சொன்னான் என்று டீக்கடையில் வடை சுட்டுக் கழிந்த எண்ணெயை வாங்கி ஊற்றியிருக்கிறார். சூடேறச் சூடேற அந்த வாடை! சட்டை, கயிறு, தலைமுடி, எல்லாம் கருகின வடை. ராத்திரி பிள்ளை அப்பாவை மோந்து பார்த்துவிட்டு "பஜ்ஜி" என்கிறது. சிரிப்பு வந்தது, என்ன பண்ண. சிரித்துக்கொண்டே பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தேன்.

"போய் ஆறு பல்லையே மாட்டிட்டு வாங்க" என்றேன்.

"அறுக்கிறவன் நானா, நீயா?"

"தீட்டுறவ நான்."

"தீட்டுறவளுக்கு என்னடி தெரியும் மேல நடக்கிறது?"

"கீழ விழுற தூளைப் பார்த்தாத் தெரியும்."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. மறுபடி ரெங்குவிடமே போனார். அவன், "சக்கரத்துல தப்பு இல்ல மச்சி, செயின்தான் முரட்டுச் செயின்" என்று, கண்ணி நெருக்கமான பொடிச் செயின் ஒன்றையும், அதற்கு ஏற்ற எட்டுப் பல் சக்கரம் ஒன்றையும் மாட்டிக் கொடுத்தான். இஞ்சின் பக்கம் பார்த்தால் பொருந்தித்தான் இருந்தது. ஆனால் இந்தச் செயின் ஓடுகிற பட்டை இருக்கிறதே, நீளமாக நாக்கு மாதிரி, அதன் நுனியிலும் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. அதை யார் பார்ப்பது? அது பழைய செயினுக்கு உள்ளது. அதை அப்படியே விட்டுவிட்டான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கியை ஒரு இடைவெளியில் தைத்து, வளையத்தை வேறொரு இடைவெளியில் தைத்தால் என்ன ஆகும்? முதல் கொக்கி மாட்டும். இரண்டாவதும் மாட்டும். மூன்றாவதுக்கு இழுத்துப் பிடிக்கணும். நாலாவது பிளந்துகொண்டு நிற்கும். அதேதான். நான் பழைய செயினையும் புதுச் செயினையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டேன், பூச்சரத்தை அளக்கிற மாதிரி. கண்ணியைக் கோத்திருக்கிற முதல் ஆணி நேருக்கு நேர். பத்தாவது ஆணியில் பார்த்தால் புதுசு பழையதை எட்டாமல் இரண்டு ஆணி தூரம் குறைந்து நிற்கிறது. எந்தக் குருடனுக்கும் தெரியும்.

கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "புதுசு அப்படித்தான் இருக்கும். ஓட ஓடப் பழகிடும்."

"செருப்பாங்க பழகுறதுக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அழகுராசா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார் அல்லவா, அவர் முன்னாடி பழைய செயினைப் போட்டுக்கொண்டு போனால் மானம் போய்விடுமாம். மானம்! இரும்புக் கண்ணியில் இருக்கிறது இவங்க மானம். சீ.

பிறகு செயின் நுனியில் சிக்கிச் சிக்கி நின்றதா, இஞ்சின் அணைந்து அணைந்து போனதா, மேலே உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்ப முடியவில்லை. ரெங்கு அதற்கும் வைத்தியம் வைத்திருந்தான். விசையிலிருந்து விரலை எடுத்தால் இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், செயின் நின்றுவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். இவன் அணையாமல் இருக்கட்டும் என்று அந்த மெது ஓட்டத்தைத் திருகித் திருகிக் கூட்டிவிட்டான். கிளட்ச் ஏற்கெனவே கருகினது. இப்போது விரலை எடுத்தாலும் செயின் நிற்காது. ஊர்ந்துகொண்டே இருக்கும். ஐம்பதடி உயரத்தில், தொடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? அவரா சொன்னார்? நேற்றுத் துணி துவைக்கும்போது தெரிந்தது. கால்சட்டையில் தொடைப் பக்கம் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். "என்னங்க இது?" என்றேன். "முள்ளு" என்றார். சில்வர் ஓக்கில் ஏதுக்கா முள்? முள் கிழித்தால் நூல் பிரிந்து தொங்கும். இது வரிசையாகக் கடித்து வைத்த மாதிரி இருக்கிறது, ஓரமெல்லாம் எண்ணெய். வடை எண்ணெய். தோலில் படவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கயிற்றைத் தேடினேன். வழக்கமாக ஆணியில் தொங்கும். ஆணியில் இல்லை. விறகுக்குப் பின்னாடி சுருட்டி வைத்திருந்தார். இடுப்புக் கயிறு. மூன்று புரி. அதில் இரண்டு புரி அறுந்திருக்கிறது. அந்த இடத்தில் என்ன சுற்றியிருந்தார் தெரியுமா? கரண்டு வயருக்குச் சுற்றுவோமே, கறுப்பு டேப். கறுப்பு டேப்புக்கா! மனுஷனைத் தாங்குகிற கயிற்றுக்கு! அந்தப் பிசுபிசுப்பு கையில் ஒட்டியது. வாசலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தேன். மாமியார், "என்னடி, விசேஷமா?" என்று சந்தோஷமாக எட்டிப் பார்க்கிறார். என்னத்தைச் சொல்வது அந்த அம்மாவிடம்.

எல்லாம் அந்த ரெங்கு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்ட அந்தத் தடியன்கள். வேகம், வேகம் என்று வெறி பிடித்து அலைகிறதுகள். ஒரு குடும்பத்துக்குள்ளே இப்படிப் பேராசையை ஏற்றிவிட்டால் எங்கே போய் முடியும், சொல்லுங்க?

போன் அடிக்கிறது. அவர்தான். பிள்ளையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? தலையை மட்டும் தாங்கிக்கோங்க. 

ஹலோ. ஆமா, எடுத்துட்டு வந்துட்டேன். பஸ்ஸுல இருக்கேன். கத்தாதீங்க, பக்கத்துல ஆள் இருக்காங்க. வத்தலக்குண்டுக்குத்தான். அங்க இந்த மிஷினுக்குன்னே கடை இருக்குல்ல, அங்க. ரெங்குகிட்டப் போறதுக்கு நான் என்ன பைத்தியமா? என்னது? கயிறா? பார்த்தேன். டேப்பையும் பார்த்தேன். என்ன? கேட்கல, வளைவுல போகுது. ம். ம். எவ்வளவு நேரம்? கீழ இருந்தவங்க ஒண்ணும் கேட்கலியா? ம். ஏங்க, ஏன் என்கிட்ட சொல்லல? சரி. சரி, விடுங்க. அழுகிறீங்களா? சளியா? சரி, சளிதான். ஆமாங்க, ஆறே போடச் சொல்றேன். சரி. சாம்பார் அடுப்பு மேலயே இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. வைக்கிறேன்.

கொடுங்கக்கா பிள்ளையை.

என்ன சொன்னார் தெரியுமா? முந்தாநாள் கயிற்றில் அந்த இரண்டு புரி அறுந்ததும் மிஷினைக் கீழே தொங்கவிட்டுவிட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே இருந்தாராம். இறங்கக் கால் வரவில்லையாம். கீழே நின்றவர்கள் இளைப்பாறுகிறார் என்று நினைத்துப் பீடி பற்ற வைத்தார்களாம். எட்டும் வேண்டாம், ஏழும் வேண்டாம், ஆறே மாட்டிக்கொண்டு வா, பொழுது இறங்கி வந்தாலும் பரவாயில்லை என்கிறார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கடைசியில் இன்னொன்றும் சொன்னார்: "நீ மட்டும் அந்த ரெண்டு மணிக் கதையைச் சொல்லாம இருந்தாப் போதும்." பார்த்தீங்களாக்கா, பழியைக் கொண்டுவந்து எங்கே இறக்குகிறார் என்று! ஆம்பளைகளே இப்படித்தான்.

இதோ, ஊர் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் கடை. முதலில் கயிறு புதுசு வாங்கணும், அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. பழைய செயினைக் கொண்டுவந்திருக்கிறேன், அது நுனிச் சக்கரத்துக்குப் பொருந்தும். கிளட்சை மாற்றணும். மெது ஓட்டத்தைக் குறைத்து, விரலை எடுத்தால் செயின் நிற்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். 

சக்கரம் மட்டும், நான் யோசித்துக்கொண்டே வந்தேன், ஆறு வேண்டாம். ஏழு போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இல்லைக்கா, எட்டு தப்பு. எட்டு பேராசை. ஆனால் சைலன்சரைத் தோண்டியாச்சு. வந்த பலத்தை வீணாக்குவானேன்? ஏழு தாங்கும். நான் கணக்குப் பார்த்துவிட்டேன். அவர் இப்போது பயத்தில் பேசுகிறார், பயம் நாலு நாளில் போய்விடும். மிஷின் நாலு வருஷம் ஓடவேண்டாமா? 

ஏன்க்கா அப்படிப் பார்க்கிறீங்க? கொஞ்சம் அந்தச் சாக்கை இப்படித் தள்ளிவிடுங்க, நான் தூக்கிக்கிறேன். ஆறா என்று அவர் கேட்டால் ஆறுதான் என்று சொல்லிவிடுவேன். பல்லை எண்ணிப் பார்க்கிற பழக்கம் அந்த மனுஷனுக்கு எங்கே இருக்கிறது!